தள்ளுபடியில் துணி எடுப்பது எப்படி: மிஞ்சியது ஏன் மிஞ்சியது?

தள்ளுபடி என்று பலகை மாட்டியதும் துணிக்கடைக்குள் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். பிடித்த சட்டையில் உங்கள் சைஸ் மட்டும் இருக்காது. உங்கள் சைஸில் கிடைப்பதோ யாரும் போடத் தயங்கும் நிறத்தில் இருக்கும். ட்ரையல் ரூம் முன்னால் ஒரு வரிசை, பில் போடும் இடத்தில் இன்னொரு வரிசை. அங்கே நின்று நின்று கடைசியில் நம் முறை வரும்போதுதான் "இதுக்கு ஆஃபர் கிடையாதே" என்பார்கள். தள்ளுபடியில் எடுத்ததை மாற்றித் தரமாட்டோம் என்ற அறிவிப்பு பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

கூட்டத்துக்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. மீதி எரிச்சல் பெரும்பாலும் ஒரு தவறான எண்ணத்திலிருந்து வருகிறது. கடை முழுவதும் திடீரென்று மலிவாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகிறோம். உண்மையில் அங்கே தொங்குவதில் பெரும்பகுதி மிச்சம். எல்லாருக்கும் பிடித்த, எல்லாருக்கும் பொருந்திய துணி முழு விலைக்கே போய்விட்டது. நின்றுபோனது ஏதோ ஒரு காரணத்தால் நின்றுபோனது. அந்தக் காரணம் உங்களைப் பாதிக்காது என்றால் அது உங்களுக்கு லாபம். பாதிக்கும் என்றால் எத்தனை சதவீதம் குறைத்தாலும் நஷ்டம்தான். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழிகள்.

முதல் படி: சரக்கு எந்த வழியில் வந்தது என்று பாருங்கள்

பெரிய கடைகள் ஒரு பருவத்துக்கான துணிக்குப் பல மாதம் முன்பே ஆர்டர் கொடுத்துவிடுகின்றன. எந்த நிறம் ஓடும், அந்த முறை எவ்வளவு குளிர் அடிக்கும் என்பதெல்லாம் அப்போது வெறும் ஊகம். ஊகம் தப்பினால் சரக்கு தேங்கும். அதற்குள் அடுத்த பருவத்துச் சரக்கு வந்துவிடும், வைக்க இடம் வேண்டும். அதனால்தான் குளிர் விடுவதற்கு முன்பே கம்பளித் துணிக்கும், வெயில் தணிவதற்கு முன்பே மெல்லிய துணிக்கும் விலை இறங்குகிறது. இப்படி மிஞ்சியதில் குறை ஒன்றும் இருக்காது. நாள் கடந்துவிட்டது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டும் போடக்கூடிய எளிமையான துணியாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம்.

இரண்டாவது, சைஸ் உடைந்த சரக்கு. ஒரு டிசைனில் நடு சைஸ்களை அதிகமாகவும் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் குறைவாகவும் தருவிப்பது வழக்கம். அப்படி இருந்தும் நடு சைஸ்கள்தான் முதலில் தீரும், ஏனென்றால் அதைத் தேடுகிறவர்கள் அதைவிட அதிகம். ஒரு டிசைனில் ஓரத்து சைஸ்கள் மட்டும் நான்கைந்து தொங்கினால் அது நன்றாக ஓடிய துணி என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் உடம்பு அந்த ஓரத்து சைஸ் என்றால் மற்றவர்கள் முணுமுணுக்கும் அதே கடையில் உங்களுக்கு வேட்டை.

மூன்றாவது வகையில்தான் கவனம் வேண்டும். எல்லா சைஸும் இருக்கிறது, எல்லா நிறமும் இருக்கிறது, அடுக்கு கலையவே இல்லை. ஒரு பருவம் முழுவதும் கடையில் இருந்த துணி இப்படி இருக்க முடியாது. ஒன்று, வெட்டு சரியில்லாமல் போட்டுப் பார்த்த எல்லாரும் திருப்பி வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் தள்ளுபடிக்கென்றே தைத்து இறக்கிய சரக்காக இருக்க வேண்டும். ஒரே பிராண்டின் பெயரில் குறைந்த தரத்துத் துணியில் தனியாகத் தைத்து மலிவுக் கடைகளுக்கு அனுப்புவது உலகம் முழுக்க நடக்கிறது. 2014இல் அமெரிக்க செனட்டர்கள் உள்ளிட்ட சில நாடாளுமன்ற உறுப்பினர்கள், இது வாங்குகிறவர்களை ஏமாற்றுவதாக இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லி அந்த நாட்டின் வர்த்தக ஆணையத்துக்குக் கடிதமே எழுதினார்கள்.

கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி விலைச்சீட்டு. ஒன்றின் மேல் ஒன்றாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உண்மையிலேயே படிப்படியாக விலை இறங்கிய பழைய சரக்கு. பழைய விலையும் புதிய விலையும் ஒரே மையில், ஒரே அச்சில், தொழிற்சாலையிலிருந்தே வந்ததுபோல் இருந்தால் அந்தப் 'பழைய விலை'க்கு அது எங்காவது விற்றிருக்குமா என்று சந்தேகப்படுங்கள்.

இரண்டாம் படி: வீட்டிலேயே அளவெடுத்துக்கொண்டு போங்கள்

உடம்பை அளக்கச் சொல்லவில்லை. உங்களிடம் இருப்பதிலேயே நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையையும் ஒரு பேண்டையும் எடுத்துக் கட்டிலில் விரித்து அளந்துகொள்ளுங்கள். சட்டையில் ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை, தோள் தையலிலிருந்து தோள் தையல் வரை, கையின் நீளம், மொத்த உயரம். பேண்டில் இடுப்பின் அகலம், தொடையின் அகலம், கவட்டிலிருந்து கீழ் ஓரம் வரை, கவட்டிலிருந்து இடுப்புப் பட்டை வரை. கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுவார்கள். உட்காரும்போது பேண்ட் இழுக்கிறதா, இறங்குகிறதா என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் கைபேசியில் குறித்து வைத்து, பையில் ஒரு இஞ்சு டேப் போட்டுக்கொள்ளுங்கள். ட்ரையல் ரூம் வரிசை நீளமாக இருக்கும் நாளில் டேப் வைத்திருப்பவர் முக்கால்வாசித் துணியை வரிசையில் நிற்காமலே கழித்துவிடுவார்.

சைஸ் எண்ணைப் பார்த்தால் போதாதா? போதாது. 1939, 1940 ஆண்டுகளில் அமெரிக்க வேளாண்மைத் துறை ஏறக்குறைய 15,000 பெண்களை அளந்து பார்த்தது. அந்த அளவுகளின் அடிப்படையில் 1958இல் பெண்கள் உடைக்கான ஒரு தரநிலையும் வந்தது. 1983இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தன் வாடிக்கையாளர் யார் என்று கற்பனை செய்கிறதோ அந்த உடம்புக்கு ஏற்ப எண்களை வைத்துக்கொள்ள ஆரம்பித்தது. வாங்குகிறவர் மனம் குளிரட்டும் என்று பெரிய அளவுக்குச் சின்ன எண் போடுவதும் இதில் சேர்ந்துகொண்டது. ஆகவே ஒரு கடையில் பொருந்திய எண் அடுத்த கடையில் பொருந்தவில்லை என்றால் கண்ணாடி முன் நின்று வருத்தப்பட வேண்டியதில்லை.

ஒரே பிராண்டில், ஒரே டிசைனில், ஒரே எண் போட்ட இரண்டு பேண்ட்கூட ஒன்றுபோல் இருக்காது. துணியைப் பல அடுக்காகப் போட்டு ஒரே சமயத்தில் வெட்டுவதால் மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் சற்று வித்தியாசம் வந்துவிடும். தைக்கும் கையைப் பொறுத்தும் மாறும். அதனால் ஒன்று இறுக்கமாக இருந்தால் அடுத்த சைஸுக்குப் போவதற்கு முன் அதே எண்ணில் இன்னொன்றை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

அளவோடு சேர்த்து ஒரு பட்டியலும் வேண்டும். 'சட்டை' என்று எழுதினால் பயனில்லை. 'அந்தச் சாம்பல் பேண்டுக்குப் போட ஒரு வெளிர்நிற முழுக்கைச் சட்டை' என்று எழுதுங்கள். மாட்சிங் பார்க்க வேண்டியிருந்தால் அந்தப் பேண்டையே பையில் எடுத்துப்போவதில் தப்பில்லை.

மூன்றாம் படி: கோடு போட்ட விலையை நம்பாதீர்கள்

விலைச்சீட்டைப் பார்த்ததும் மூளை என்ன செய்கிறது என்பது தெரிந்த விஷயம். அமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. ஒரு சக்கரத்தைச் சுழற்றுவார்கள். அது 10இல் அல்லது 65இல் நிற்கும். அதன் பிறகு, ஐ.நா. சபையில் இருக்கும் நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள். 10ஐப் பார்த்தவர்கள் சொன்ன பதில்களின் நடு மதிப்பு 25, 65ஐப் பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் முதலில் கண்ணில் பட்ட எண் பதிலைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. கோடு போட்டு அடித்த பழைய விலையும் அந்தச் சக்கரத்தின் வேலையைத்தான் செய்கிறது.

அது எவ்வளவு வலுவானது என்பதை ஜே.சி.பென்னி என்ற அமெரிக்க நிறுவனம் சொந்தச் செலவில் தெரிந்துகொண்டது. 2012இல் அதன் தலைவர் ரான் ஜான்சன், அடிக்கடி வரும் தள்ளுபடி, கூப்பன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, எந்த நாளும் ஒரே குறைந்த விலை என்று அறிவித்தார். நேர்மையான ஏற்பாடுதான். அந்த ஆண்டு விற்பனை ஏறத்தாழ கால்வாசி விழுந்தது. 2013 ஏப்ரலில் அவர் பதவியை இழந்தார், தள்ளுபடிகள் திரும்பி வந்தன. கடைக்காரர்கள் ஏன் இதை விடமாட்டேன் என்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

சட்டங்களும் இதைத் துரத்திக்கொண்டிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே மாதத்திலிருந்து, தள்ளுபடி அறிவிக்கும் கடை 'முந்தைய விலை' என்று காட்டுவது பொதுவாக அதற்கு முந்தைய 30 நாள்களில் இருந்த மிகக் குறைந்த விலையாக இருக்க வேண்டும். 'இத்தனை சதவீதம் குறைவு' என்பதையும் அந்தக் குறைந்த விலையிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் அந்த ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரான்ஸில் பருவத் தள்ளுபடி எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதே சட்டம் சொல்கிற விஷயம். நீங்கள் இருக்கும் ஊரில் சட்டம் எப்படியோ. வேண்டிய துணியைத் தள்ளுபடிக்குச் சில வாரம் முன்பே பார்த்து, விலைச்சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் யாரையும் நம்ப வேண்டியதில்லை.

அது முடியாதபோது நான் சொல்வது இது: விலைச்சீட்டைத் திருப்பாமல் முதலில் துணியை மட்டும் பாருங்கள். இதற்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பேன் என்று மனதுக்குள் ஒரு தொகையைச் சொல்லிக்கொண்ட பிறகு சீட்டைத் திருப்புங்கள். உங்கள் தொகையைவிடக் கூடுதல் என்றால் அடித்த விலை என்னவாக இருந்தாலும் அது உங்களுக்கு விலை அதிகம்தான்.

கணக்கிலும் கொஞ்சம் விழிப்பு வேண்டும். 50 சதவீதத்துக்கு மேல் இன்னொரு 20 சதவீதம் என்றால் மொத்தம் 70 இல்லை, 60. 40க்கு மேல் 40 என்றால் 64. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது மூன்றும் ஒரே விலையாக இருந்தால் 33 சதவீதத் தள்ளுபடி. விலை குறைந்தது எதுவோ அதுதான் இலவசம் என்பார்கள், அப்போது அதற்கும் கீழே போய்விடும். இரண்டாவது பாதி விலைக்கு என்பது 25 சதவீதம். 'வரை' என்ற சொல் இருக்கும் பலகையில் பெரிய எண்ணைப் பார்க்கவே வேண்டாம். ஒரு ஓரத்தில் நான்கு துணிக்கு அந்தத் தள்ளுபடி இருந்தாலும் பலகை பொய் சொன்னதாகாது.

நான்காம் படி: எப்போது போவது

சைஸ் கச்சிதமாக இருந்தே ஆக வேண்டிய துணி, அதாவது பேண்ட், கோட், உள்ளாடை போன்றவை, உங்களுக்குத் தேவை என்றால் முதல் நாள்களிலேயே போங்கள். தள்ளுபடி குறைவாக இருந்தாலும் சைஸ் இருக்கும். சால்வை, காலுறை, தளர்வான மேலாடை, படுக்கை விரிப்பு போன்றவற்றுக்குக் கடைசி வாரம் வரை பொறுக்கலாம். வாரநாளில் கடை திறக்கும் நேரம் நல்லது. முந்தைய நாள் கலைந்ததையெல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள், விற்பனையாளருக்கும் உங்களோடு பேசப் பொறுமை இருக்கும். சட்டென்று கழற்றிப் போடக்கூடிய உடையில் போங்கள். உடம்போடு ஒட்டிய மெல்லிய பனியனோ லெகிங்ஸோ உள்ளே இருந்தால் மேலே கோட்டைப் போட்டுப் பார்க்க ட்ரையல் ரூமே வேண்டாம். பசியோடு போகாதீர்கள்.

ஐந்தாம் படி: துணியைக் கையால் படியுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் கொடுப்பதில்லை.

முதலில், மாதக்கணக்கில் கடையில் தொங்கிய துணிக்கே வரும் குறைகள். ஹேங்கர் குத்தித் தோளில் முட்டு விழுந்திருக்கிறதா? பலர் தலை நுழைத்ததில் கழுத்து தொளதொளத்திருக்கிறதா? காலரில் உதட்டுச் சாயமோ முகப்பூச்சோ ஒட்டியிருக்கிறதா? விளக்கு வெளிச்சம் தொடர்ந்து பட்ட தோளும் மடிப்பும் வெளுத்திருக்கலாம். அடர்நிறத் துணியில் இது சட்டென்று தெரியாது, உள்பக்க நிறத்தோடு வைத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்து விடுங்கள். மொறுமொறு என்று சத்தம் வந்தாலோ சுருங்கித் திரும்பத் தாமதித்தாலோ உள்ளே ரப்பர் செத்துவிட்டது. செயற்கைத் தோல் ஜாக்கெட்டில் பழைய சரக்கே வேண்டாம். அதில் பூசும் பாலியூரிதேன் பூச்சு காற்றின் ஈரத்தால் மெல்ல மெல்லச் சிதையும். ஒரு முறைகூடப் போடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும்.

அடுத்து துணி. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். நெசவு அங்கங்கே அடர்ந்தும் அங்கங்கே மெலிந்தும் இருந்தால் இழை சீராக இல்லை. ஒரு மூலையைக் கையில் கசக்கிப் பிடித்துச் சில நொடி கழித்து விடுங்கள், போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எப்படிக் கசங்கும் என்று தெரியும். லைக்ரா கலந்த துணியை அகலவாக்கில் இழுத்துப் பிடித்து விடுங்கள். உடனே பழைய இடத்துக்கு வரவில்லை என்றால் முழங்கால் பக்கம் பை போலத் தொங்கப்போகிறது. அடர்நிறத் துணியை வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் இறங்கும் சாயம் நாளை உங்கள் சோபாவிலும் இறங்கும். அக்குள், பக்கவாட்டு என்று உரசும் இடங்களில் பஞ்சு சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டிருந்தால் விட்டுவிடுங்கள். ட்ரையல் ரூமுக்கு நாலு முறை போய் வந்ததிலேயே இப்படி ஆகியிருக்கிறது என்றால் வீட்டில் என்ன ஆகும்?

பனியன் துணி டி-ஷர்ட்டை இரண்டாக மடித்து, பக்கவாட்டுத் தையல்கள் நேர் கீழே இறங்குகின்றனவா என்று பாருங்கள். கடையிலேயே முன்பக்கம் சாய்ந்து வந்தால், நூலில் இருக்கும் முறுக்கு துவைக்கத் துவைக்க அவிழ்ந்து, தையல் தொப்பை மேலேயே வந்து நிற்கும்.

தையலை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கத் துணியையும் பிடித்து மெல்ல இழுத்தால் நடுவே நூல் ஏணிபோல் தெரியக்கூடாது. காஜா ஓரத்தில் நூல் பிரிகிறதா, பட்டன் ஆடுகிறதா, உபரிப் பட்டன் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். கட்டம் போட்ட சட்டை என்றால் பாக்கெட்டிலும் முன்பட்டையிலும் கட்டம் கட்டத்தோடு சேர்கிறதா என்பது முக்கியம். கட்டத்தைச் சேர்த்து வெட்டக் கூடுதல் துணி வேண்டும். அங்கே மிச்சம் பிடித்தவர் வேறு இடங்களிலும் பிடித்திருப்பார். ஜிப்பை மூன்று முறை ஏற்றி இறக்குங்கள். கோட்டில் பெல்ட்டுக்கு வளையம் இருந்து பெல்ட் இல்லாமல் இருந்தால், அது மிஞ்சிய காரணம் உங்கள் கையிலேயே இருக்கிறது. புது பெல்ட் போட்டுக்கொள்ள முடியும் என்றால் எடுங்கள். அந்தக் காரணத்தைக் காட்டி இன்னும் கொஞ்சம் குறைக்கவும் கேட்கலாம், கேட்பதில் ஒன்றும் கெட்டுப்போகாது.

கடைசியாக உள்சீட்டு. தண்ணீர்த் தொட்டிப் படத்தில் குறுக்குக் கோடு இருந்தால் வீட்டில் துவைக்கவே கூடாது. தொட்டிக்குள் கை இருந்தால் கையால் மட்டும். வட்டம் சலவைக்கடை வேலையைக் குறிக்கும். டிரை கிளீனிங் மட்டும் என்று போட்ட சட்டை தள்ளுபடியில் மலிவாகத்தான் இருக்கும், ஒவ்வொரு சலவையிலும் மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். விஸ்கோஸ் என்றோ ரேயான் என்றோ இருந்தால் நீளத்தில் கொஞ்சம் தாராளமாக எடுங்கள், நனைந்தால் சுருங்கும் குணம் அதற்கு அதிகம். பருத்தியிலும் நெய்த துணியைவிடப் பனியன் துணி கூடுதலாகச் சுருங்கும்.

ஆறாம் படி: ட்ரையல் ரூமில் அசைந்து பாருங்கள்

கண்ணாடி முன் நேராக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது வாழ்க்கையில் நீங்கள் அதிகம் செய்யாத காரியம். உட்காருங்கள். குனிந்து செருப்பைத் தொடுங்கள். பேருந்தில் கம்பியைப் பிடிப்பதுபோல் கையைத் தூக்குங்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் கட்டிக்கொள்ளுங்கள், முதுகு இழுத்தால் தோள் போதவில்லை.

துணியில் விழும் மடிப்பே விஷயத்தைச் சொல்லும். பட்டனிலிருந்து இரு பக்கமும் குறுக்கே கோடு ஓடினால் அங்கே இறுக்கம். மேலிருந்து கீழாகத் தொய்வாக மடிப்பு விழுந்தால் அகலம் அதிகம். கழுத்துக்குப் பின்னால், காலருக்குச் சற்றுக் கீழே குறுக்காக ஒரு மடிப்பு நின்றால் தோளின் சாய்வு உங்களுக்கு ஒத்துவரவில்லை.

இப்போது தையல்காரரை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிடித்துத் தைப்பது எளிது, பிரித்துத் தைப்பது கடினம். இடுப்பைப் பிடிக்கலாம், பக்கவாட்டைப் பிடிக்கலாம், பேண்ட் நீளத்தைக் குறைக்கலாம், கையைக் குட்டையாக்கலாம். தோள் அகலம், அக்குள் வளைவு, பேண்டின் கவட்டு உயரம் ஆகிய மூன்றும் சரியில்லை என்றால் அந்தத் துணியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். திருத்த முடிந்தாலும் அந்தக் கூலிக்கு இன்னொரு துணியே எடுத்துவிடலாம். இறுக்கமாக இருப்பதைப் பிரித்துவிடலாம் என்று எடுப்பவர்கள் உள்தையலைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. ரெடிமேடில் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் துணி விட்டிருப்பார்கள், அதையும் ஓவர்லாக் அடித்திருப்பார்கள். பிரிக்க உள்ளே துணி இருந்தாலும் பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். ஆல்டரேஷன் கூலியை விலையோடு கூட்டிய பிறகும் லாபமா என்பதுதான் கணக்கு. இளைத்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு சைஸ் குறைத்து எடுப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

நிறத்தை ட்ரையல் ரூமில் முடிவு செய்ய வேண்டாம். வெவ்வேறு சாயங்களில் தோய்த்த இரண்டு துணிகள் கடை விளக்கில் ஒரே நிறமாகத் தெரிந்து, பகல் வெளிச்சத்தில் இரண்டு நிறமாகப் பிரிவது உண்டு. கருநீலமும் கறுப்பும் இதில் பேர்போனவை. அனுமதி கேட்டுக்கொண்டு வாசல் பக்கமோ ஜன்னல் பக்கமோ எடுத்துப்போய்ப் பாருங்கள்.

ஏழாம் படி: இணையத்தில் எடுப்பதானால்

தொட்டுப் பார்க்க வழியில்லாததால் இங்கே டேப் அளவுதான் துணை. உடல் அளவு அட்டவணையோடு துணியின் அளவும் கொடுத்திருக்கும் இடங்களை விரும்புங்கள். விரித்து அளந்த உங்கள் சட்டையோடு நேராக ஒப்பிடலாம். விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரங்களைத் தாண்டி, இரண்டும் மூன்றும் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். 'துவைத்ததும்' என்று தேடினால் உண்மை வரும்.

'இன்னும் இரண்டுதான் இருக்கிறது', 'பத்து நிமிடத்தில் ஆஃபர் முடிகிறது' என்று ஓடும் கடிகாரத்தைப் பற்றி ஒன்று. 2019இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு சுமார் 11,000 கடைத் தளங்களை அலசியது. வாங்குகிறவரை நெருக்கித் தள்ளும், திசைதிருப்பும் உத்திகள் 1,818 இடங்களில் அகப்பட்டன. நேரம் முடிந்த பிறகும் அதே விலைக்கு விற்கும் கடிகாரங்களும் அவற்றில் இருந்தன. சந்தேகமாக இருந்தால் பக்கத்தை மூடிவிட்டு வேறொரு உலாவியில் புதிதாகத் திறந்து பாருங்கள். கடிகாரம் மறுபடி பத்து நிமிடத்திலிருந்து தொடங்கினால் சிரித்துவிட்டு, வேண்டியதை நிதானமாகப் பாருங்கள்.

திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, பணம் கணக்குக்கே வருமா அல்லது கடையிலேயே செலவு செய்ய வேண்டிய கூப்பனாக வருமா என்பதைப் பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கிய துணியைக் காரணம் சொல்லாமல் 14 நாள்களுக்குள் திருப்ப உரிமை உண்டு, தள்ளுபடியில் எடுத்ததும் அதில் அடக்கம். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை.

எட்டாம் படி: பில் போடும் முன்னும் வீட்டுக்கு வந்த பின்னும்

பில் மேசைக்கு முன் மூன்று கேள்வி: இதற்குத் தள்ளுபடி உண்டா, மாற்ற முடியுமா, எத்தனை நாளுக்குள்? வாய்வார்த்தையாகச் சொன்னால் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்று திருப்புவதும் குறை இருக்கிறது என்று திருப்புவதும் வேறு வேறு என்பதை நினைவில் வையுங்கள். முதலாவதைக் கடை மறுக்கலாம். இரண்டாவதில் தள்ளுபடியைக் காரணம் காட்டித் தட்டிக்கழிக்கப் பல நாடுகளில் சட்டம் இடம் தராது. ஆனால் குறையை முன்பே சொல்லி அதற்காக விலையைக் குறைத்திருந்தால் அதே குறைக்காகத் திரும்பப் போக முடியாது.

வீட்டுக்கு வந்ததும் விலைச்சீட்டைக் கத்தரிக்காதீர்கள். திருப்பும் கடைசி நாளைக் கைபேசியில் நினைவூட்டலாகப் போட்டுவிட்டு, மறுநாள் பகல் வெளிச்சத்தில் உங்கள் சொந்த பேண்டுடன், சொந்தச் செருப்புடன் போட்டுப் பாருங்கள். அலமாரியில் இருக்கும் எதனோடும் சேரவில்லை என்றால் நாள் முடிவதற்குள் திருப்பிவிடுங்கள். சேர்கிறது என்றால் சீட்டை எடுத்துவிட்டு, முதல் சலவையைத் தனியாகப் போடுங்கள். ஆல்டரேஷன் இருந்தால் அந்தச் சலவைக்குப் பிறகு, துணி காய்ந்த பிறகு தையல்காரரிடம் கொண்டுபோங்கள். நீளம் குறைத்துவிட்டுத் துவைத்தால், பேண்ட் சுருங்கிக் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். திரும்ப இறக்க உள்ளே துணி இருக்காது.